ஆள் குறைந்த பக்கம்

தண்ணி லாரி வந்த ஒரு காலையில்தான் அவரை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன். கல்யாணமாகி ராயபுரத்தில் அந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிது. குடங்கள் வரிசையாக நின்றன. கன்டெய்னர் யார்டில் வேலை செய்யும் வடநாட்டுப் பையன் ஒருவன், வரிசை தெரியாமலோ தெரிந்தோ, தன் கேனை முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டான். தெருவே அவனைச் சூழ்ந்துகொண்டது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு அம்மாள் எல்லாருக்கும் தலைமை தாங்கித் திட்டிக்கொண்டிருந்தார். பையன் திருதிருவென்று விழித்தான்.

அப்போது சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். லுங்கியை மடித்துக் கட்டினார். பையனுக்குப் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இன்னாயா, அவன் பண்ணது தப்புன்னு உனுக்குத் தெரில?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

“தப்புதான்.”

“அப்புறம் இன்னாத்துக்கு அங்க போய் நிக்கிற?”

“நீங்க இத்தினி பேரு கீறீங்க. அவன் ஒண்டியா கீறான்.”

கேட்டவர் அவருடைய மனைவி என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தெருவே அவரை நைனா என்றுதான் கூப்பிட்டது. அவரைவிட மூத்தவர்களுக்கும் நைனா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும் நைனா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பல வருஷம் உயரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த பழக்கமோ என்னவோ, கூட்டத்தைப் பார்த்தாலே அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும். எல்லாரும் ஒரே குரலில் பேசினால், பேசாமல் நிற்கிறவன் எங்கே என்று அவர் கண் தேடும்.

அவர் மனைவியை நாங்கள் அத்தை என்போம். அத்தை இதற்கு நேர்மாறு. அவர் வாசலில் எப்போதும் பெண்கள் இருப்பார்கள். கல்யாணமோ காதுகுத்தோ, ரேஷன் கடையோ போலீஸ் ஸ்டேஷனோ, அத்தை கிளம்பினால் பின்னால் ஒரு படை கிளம்பும். இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்பது எனக்குத் தீராத ஆச்சரியம்.

“மருமவ வந்த புதுசுல அவ பக்கம் நின்னுகினு எங்கூட மல்லுக்கட்னாரு,” என்று அத்தையே சொல்லியிருக்கிறார். “அவளுக்குப் புள்ள பொறந்து, அவ அம்மா வூட்டு ஆளுங்க எல்லாம் வந்து குந்திகினாங்களா, ஒடனே அவள வுட்டுட்டாரு. சரி, இப்பவாச்சும் எம்பக்கம் வருவாருன்னு பாத்தா, எனுக்குத்தான் என் தங்கச்சிங்க கீறாங்களாம். போயி எம் மவன்கூட நின்னுகினாரு. அவந்தான் பாவம், ரெண்டு பக்கமும் மாட்டிகினு முழிக்கிறானாம்.”

துறைமுகத்திலும் அப்படித்தானாம். தொழிற்சங்கம் பலமாக இருந்த காலத்தில் அந்தப் பக்கமே போகாதவர், அது உடைந்து ஆளில்லாமல் போனபோது போய்ச் சேர்ந்திருக்கிறார். வரவேண்டிய பதவி உயர்வு அதோடு போயிற்று.

நான் வாத்தியார் புத்திக்காரி. எதற்கும் காரணம் தெரிய வேண்டும். ஒருநாள் நேராகவே கேட்டேன், “ஏன் நைனா இப்படி?”

“தெரில டீச்சரம்மா. அந்தப் பக்கம் ஆள் கம்மியா இருந்தா, கால் தானா போவுது.”

நான் சொல்லிக்கொடுத்தது இந்தி. எங்கள் பகுதியில் இருந்த பல்கலைக்கழக வளாகத்தில் இந்தித் துறையில் கௌரவ விரிவுரையாளர். வண்ணாரப்பேட்டையில் துணி வியாபாரம் செய்த என் வாப்பா, சரக்கெடுக்க வடக்கே போகும்போதெல்லாம் இந்தி தெரிந்த ஆளைத் தேடி அலைந்தவர். தன் பெண்ணாவது அந்தப் பாஷையைப் படிக்கட்டும் என்று படிக்க வைத்தார். நான் படித்தேன். எனக்கும் அது பிடித்துப்போனது.

நான் இந்தி டீச்சர் என்று தெரிந்தபோது, நைனா என்ன சொல்வார் என்று தெருவே காத்திருந்தது. காரணம், இளவட்டமாக இருந்தபோது ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் இந்தி எழுத்துகளின் மேல் தார் பூசி லாக்கப்புக்குப் போனவர் அவர். இன்றைக்கும் பேங்க் ஃபாரத்தில் இந்தி முதலில் இருந்தால் மேனேஜரைக் கூப்பிட்டுச் சண்டை போடுவார். என்னிடம் அவர் கேட்டதெல்லாம், “வேல பர்மனெண்டா?” என்பதுதான். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்படியிருக்க, ஒரு கோடை விடுமுறைக்கு முன்னால் எங்கள் துறையில் அடுத்த வருஷம் சேர்க்கை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். படிக்க ஆள் இல்லை, அதனால் மூடுகிறோம். படித்துக்கொண்டிருந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரும் சும்மா வந்தவர்கள் இல்லை. ஒருத்தி அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலையில் அடிபட்டு வருகிற வடநாட்டுத் தொழிலாளிகளுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரியாமல் தவித்து, மாலை வகுப்பில் சேர்ந்தவள். இன்னொருத்தி திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்த பீகார்க்காரப் பெண். அவள் அப்பா வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவள் பேசும் மெட்ராஸ் தமிழுக்கு முன்னால் என் தமிழ் வெளியூர்த் தமிழ் மாதிரி இருக்கும்.

அன்று சாயங்காலம் சைக்கிள் கடையைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்த்து நைனா கூப்பிட்டார். சொன்னேன்.

“மூடறதுன்னு முடிவு பண்ணது எத்தினி பேரு?”

“எல்லாருந்தான் நைனா. துறைத்தலைவரே கையெழுத்துப் போட்டுட்டாரு.”

“வாணாம்னு சொல்றது?”

“நானு. அப்புறம் பசங்க நாலஞ்சு பேரு.”

அவர் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார். அந்தக் கட்டுக்கு அர்த்தம் தெரிந்ததால் எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. “நைனா, இது இந்தி,” என்றேன்.

“தெரியும். எனுக்கு வாணாம் அது. ஒரு எழுத்துகூட வாணாம். ஒனக்கு வேணும்ல? அந்த நர்ஸ் பொண்ணுக்கு வேணும்ல?”

மறுநாள் விடியும்போதே காசிமேடு போய்விட்டார். அங்கே மீன் ஏலம் கூறும் பெண்களில் பெரிய கை ஒருவர் அவருக்குப் பழக்கம். ஐஸ் தண்ணீரில் நின்றுகொண்டு அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு ஏலக்கூடம் முழுக்கக் கேட்டதாம்.

“இன்னா நைனா, தார் பூசின கையி இப்போ இந்திக்கு ஆள் சேக்குதா?”

“நீ சிரி. போட்டுல வலை இழுக்கற ஒரிசாக்காரன் கைல கொக்கி மாட்டினப்போ, அவன் இன்னா கத்தினான்னு ஒருத்தனுக்கும் புரியல. நீதான சொன்ன?”

அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தினார். “அவன் ஒரிசா பாஷைலதான் கத்திருப்பான். ஆனா இந்தியும் பேசுவான். சரி, இப்போ இன்னா பண்ணணும்?”

துணைவேந்தரைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. பதிவாளர்தான் பார்த்தார். மீன்வாடை வீசும் சேலையோடு ஏலக்கார அம்மாள், யூனிஃபார்மோடு நர்ஸ், பீகார்ப் பெண், நான், வெள்ளைச் சட்டை போட்ட நைனா. பதிவாளர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, “நீங்கள் எந்தக் கட்சி?” என்றார்.

“நான் கட்சில இருந்தப்போ இந்தி வாணாம்னேன் சார்,” என்றார் நைனா. “இப்பவும் வாணாம்னுதான் சொல்றேன், வேணாங்கறவன் தலைல கட்னா. இது வேணும்னு கேக்கறவங்க. அவங்க ரொம்ப கம்மி சார். கம்மியா கீறாங்கன்னா நசுக்கிடலாமா?”

பதிவாளர் கெட்டவர் இல்லை. சேர்க்கை முடிவதற்குள் ஒரு வகுப்புக்கு வேண்டிய ஆட்களைக் கொண்டுவந்தால் மாலைநேரப் பட்டயப் படிப்பை மட்டும் விட்டுவைப்பதாகச் சொன்னார்.

அதற்கப்புறம் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. நைனா எண்ணூர் வரைக்கும் பஸ் பிடித்துப் போவார். கம்பெனி வாசலில் ஷிஃப்ட் முடிந்து வருகிற சூப்பர்வைசர்களை நிறுத்துவார். காத்திவாக்கத்தில் இறால் கம்பெனிக் கணக்குப்பிள்ளையைப் பிடித்தார். “சாவடிக்காத நைனா” என்று அவர்கள் ஓடியதும் உண்டு. “வடக்கேர்ந்து வர்றவங்க நம்ம பாஷைய மொதல்ல கத்துக்கினு வரட்டும்” என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. நைனா அவர்களோடு வாதாடவே மாட்டார். “கரெக்டு, நானும் அதத்தான் சொல்றேன்” என்று ஒத்துக்கொள்வார். அதற்குமேல் சண்டை போட அவர்களுக்கு எதுவும் இருக்காது.

ஒரே ஒரு இடத்தில்தான் அவருக்கு வாய் அடைத்துப்போனது. அவரோடு சேர்ந்து தார் பூசி, அவரோடு லாக்கப்பில் படுத்த பழைய தோஸ்து ஒருவர் தண்டையார்பேட்டையில் தையல்கடை வைத்திருந்தார். விஷயம் கேள்விப்பட்டு அவரே தேடிக்கொண்டு வந்தார். சைக்கிள் கடை வாசலில், எல்லாருக்கும் முன்னால், “உங்கூட அடி வாங்கினேனே, அது இன்னாத்துக்குடா?” என்றார். “சொல்டா. இன்னாத்துக்கு?”

நைனா, “அன்னிக்கி அவங்க கைல டில்லி இருந்துச்சு. நம்ம கைல ஒரு தார் டப்பாதான்,” என்றார்.

“இன்னிக்கும் அவங்க கைலதான்டா டில்லி கீது!”

தோஸ்து போய்விட்டார். இரண்டு நாள் கழித்து நைனா வீட்டுச் சுவரில் ‘துரோகி’ என்று யாரோ கரியால் எழுதியிருந்தார்கள். அத்தையும் தெருப் பெண்களும் வாளியும் விளக்குமாறுமாகச் சுவரைத் தேய்த்தார்கள். எழுதியவனை ஒரு மூச்சு திட்டி முடித்துவிட்டு, அத்தை புருஷன் பக்கம் திரும்பினார். “ஒன்னியும் சேத்துத்தான்யா தேய்க்கணும். இத்தினி வருஷ சிநேகிதத்த வுட்டுட்டு வந்து நிக்கிறியே, பைத்தியமாய்யா நீ?” நைனா இன்னொரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அந்த வாரம் அவர் யாரையும் பார்க்கப் போகவில்லை. எனக்கே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அடுத்த வாரம் பழையபடி வெள்ளைச் சட்டையோடு கிளம்பினார்.

ஆள் சேர்ந்தது. கடைசி நாளில் ஏலக்கார அம்மாள் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். நைனாவையும் சேரச் சொல்லி எல்லாரும் கெஞ்சினோம். “போங்க போங்க” என்று வகுப்புக்கு வெளியே நடையில் போய் உட்கார்ந்துவிட்டார். வகுப்பு நடக்கும்போது சில நாள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார், உள்ளே காதைக் கொடுக்காமல். இடைவேளையில் அந்த பீகார்ப் பெண்ணைப் பிடித்துக் கேட்டார்.

“ஏம்மா, ஒன் தாய்பாஷைய நீ இன்னாத்துக்கு டீச்சர்கிட்ட கத்துக்குற?”

“ஐயே, இந்தி எங்க பாஷ இல்ல நைனா. வூட்ல நாங்க போஜ்புரி பேசுவோம். இந்தி எனுக்கும் ஸ்கூல் பாஷதான். எங்க ஊர்ல போஜ்புரில பேசினா வாத்தியாரு அடிப்பாருன்னு எங்கப்பா சொல்லும்.”

நைனா என்னைப் பார்த்தார். நிஜமா என்பது போல. நான் ஆமாம் என்றேன். “அப்போ அந்த அடி வாங்கின புள்ளைங்க பக்கம் யாரு கீறாங்க?” என்று கேட்டார்.

துறை பிழைத்த செய்தி எப்படியோ வெளியே போயிற்று. வடக்கிலிருந்து ஓர் அமைப்பு, பாராட்டு விழா எடுக்கிறோம் என்று வந்தது. பல்கலைக்கழகமும் அரங்கத்தைக் கொடுத்துவிட்டது. போய்ப் பார்த்தால் மேடை முழுக்கப் பேனர். அதில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. வடசென்னை மக்கள் இந்தியை வரவேற்கிறார்கள் என்று பெரிதாக எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொல் என்று நைனா கேட்டார். சொல்லும்போது என் குரல் இறங்கிவிட்டது.

சிறப்பு விருந்தினர் இந்தியில் பேச, பக்கத்தில் நின்ற ஒருவர் தமிழில் சொன்னார். தமிழர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்றார். இது தொடக்கம்தான், இனி எல்லாப் பள்ளிகளிலும் வரும் என்றார். கைதட்டல். பிறகு சால்வை போர்த்த நைனாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் ஏறினார். சால்வையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

“மூடின கதவத் தொறந்து வையுங்கன்னு கேட்டோம். இஷ்டம் கீறவன் போவான், வருவான். அதுக்காக வூட்டையே எழுதிக் குடுத்துட்டோம்னு நெனச்சிகினு வந்தா எப்டி? ஸ்கூல்ல எல்லாரு தலைலயும் கட்ட வந்தா, மொத ஆளா நான்தான் வாசல்ல நிப்பேன். இதோ குந்திகினு கீற பொண்ணு வூட்டு பாஷ போஜ்புரி. அதையும் நீங்க எங்கியோ தொலச்சிட்டீங்க. மொதல்ல அதக் கண்டுபுடிச்சிக் குடுங்க.”

அரங்கத்தில் கூச்சல். முன்வரிசையில் எழுந்து நின்று கத்தினார்கள். விருந்தினர் பக்கத்தில் இருந்தவரிடம், பெரியவர் என்ன சொல்கிறார் என்று இந்தியில் கேட்டார். அவர், “நன்றி சொல்கிறார்” என்றார்.

அது என் காதில் விழுந்தது. நானும் மேடையில்தான் இருந்தேன். பதிவாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் எழுந்து போய் நைனா பக்கத்தில் நின்று, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னேன். இத்தனை வருஷம் படித்து, சொல்லிக்கொடுத்து, அந்தப் பாஷையில் அவ்வளவு தெளிவாக நான் எப்போதும் பேசியதில்லை. விருந்தினர் முகம் சிவந்தது. மைக்கை அணைத்தார்கள். பின்வரிசையில் மட்டும் விசில் பறந்தது. ஏலக்கார அம்மாள்தான்.

எங்களைத் திட்டினார்கள், ஆனால் துறையை மூடவில்லை. சேர்த்த ஆட்களைத் துரத்த வழியில்லை. அடுத்த வருஷம் கேட்காமலே ஆள் வந்தது. நைனா வருவதை நிறுத்திக்கொண்டார். தெருவில் பார்த்தால், “நல்லா போவுதா? சரி” என்று நகர்ந்துவிடுவார். அப்போது அவர், ஒற்றை ஆளாக முனையில் இட்லிக்கடை போட்ட ஒரு விதவைக்காக மாநகராட்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. இந்த மனிதருக்கு எங்கள்மேல் பிரியம் இருந்ததா, இல்லை எங்கள் எண்ணிக்கைமேல் மட்டும்தானா?

அதற்கடுத்த வருஷம் நிரந்தரப் பேராசிரியர் ஒருவரை நியமித்தார்கள். கௌரவ விரிவுரையாளர் வேண்டாம் என்று என்னை நிறுத்தினார்கள். மாணவர்களுக்கும் நிம்மதி, துறைக்கும் நிம்மதி. நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படித் தெரிந்ததோ, காலையில் நைனா வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை.

“கெளம்பு டீச்சரம்மா.”

போனோம். வாசலில் காவலாளி எங்களை அடையாளம் கண்டு சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். மாடியில் பதிவாளர் அறைக்கு வெளியே காத்திருந்தோம். அதற்குள் யாரோ அதிகாரி, அனுமதியில்லாமல் ஆட்களை விட்டதற்காக அந்தக் காவலாளியை மேலே வரவழைத்துக் கத்த ஆரம்பித்தார். நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்றார். நைனா என்னைப் பார்த்தார், காவலாளியைப் பார்த்தார், எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். பதிவாளர் கதவைத் திறந்தபோது நைனா காவலாளிக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். நான் வந்த விஷயத்தைப் பேச அன்றைக்கு இடமே கிடைக்கவில்லை. காவலாளிக்கு வேலை தப்பியது. எனக்கு இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில், “கோவமா?” என்று கேட்டார்.

“இல்ல நைனா” என்றேன். கொஞ்சம் இருந்தது.

“ஒனக்கு வாயி கீது. ரெண்டு பாஷைல கீது. அவனுக்கு?” என்றார்.

நான் பெரம்பூரில் ஒரு தனியார் பள்ளிக்கு வேலைக்குப் போனேன். வீடும் அந்தப் பக்கமே மாறியது. போன மழைக்காலத்தில் நைனா இறந்துபோனார் என்று நர்ஸ் போன் செய்தாள். உடலை எடுப்பதற்குள் போய்ச் சேர முடியவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் அத்தையைப் பார்க்கப் போனேன்.

வாசலில் யாரும் இல்லை. தெருவில் பாதிப் பெண்கள் அரசு கொடுத்த புது வீடுகளுக்குப் போய்விட்டார்களாம். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து அத்தையால் வெளியே போக முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் எதையெதையோ பேசினார். கிளம்பும்போது கையை விடவில்லை.

“அந்த மன்ஷன் கட்டின நாள்லேர்ந்து எம்பக்கம் நின்னதே இல்ல டீச்சரு. ஒனுக்கு ஆள் கீது, ஒனுக்கு ஆள் கீதுன்னே சொல்லினு போய்டுவாரு,” என்றார். “இப்போ பாரு, ஒண்டியா கீறேன். இப்பத்தான் வந்திருக்கணும் அவுரு.”

பையைக் கீழே வைத்துவிட்டு நான் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.